பார்த்தவர் பட்டியல்

கேரளத்தில் கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குக் காயல் என்கிற உப்பங்கழி வழியே படகில் எட்டு மணி நேரம் போக வேண்டும் என்பது யுவராணியின் ஆசை. கல்யாணமான ஏழு வருஷத்தில் அதை அவள் சொல்லாத நாளில்லை. புருஷன் வெற்றிச்செல்வன் ‘அடுத்த வருஷம்’ என்பான். ரொம்ப நச்சரித்தால் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்குக் கூட்டிப்போய் மிதிபடகில் உட்கார வைப்பான். அதிலும் பாதி நேரம் மிதித்தவள் அவள்தான்.

இப்போது அந்தக் காயலில் காவ்யா போகிறாள். கொழுந்தன் கிஷோரின் பெண்டாட்டி; இந்தக் குடும்பத்துக்கு வந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. தங்கும் படகெல்லாம் வேண்டாம், அரசாங்கப் படகில் போனால்தான் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று வழி சொல்லிக்கொடுத்ததே யுவராணிதான். வாய் சும்மா இருந்ததா?

பொறாமைப்படுகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? ஆவடிப் பக்கம் சேக்காட்டு வீட்டில் இட்லி ஊற்றினாலும் மனசு ஆலப்புழையில் கிடந்தது. காவ்யாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் தன் போனில் திறந்தால் பார்த்தவர் பட்டியலில் தன் பெயர் விழும். அந்தச் சந்தோஷத்தை அவளுக்கு ஏன் தர வேண்டும்? நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலெல்லாம் குறட்டை விடும் புருஷனின் போனை எடுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் இதே வேலை. தங்கசேரிக் கலங்கரை விளக்கம், அஷ்டமுடிக் காயலில் சீன வலைகள், ஆலப்புழையின் பழைய கால்வாய், அதன் கரையில் அந்தக் காலத்துக் கிடங்குகள். எல்லாவற்றுக்கும் நடுவில் காவ்யா பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். பார்க்கப் பார்க்க யுவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்தில் கிடப்பது புதுச் செயினா என்று பெரிதாக்கிப் பார்க்கப் போனவளின் விரல் எங்கோ பட்டு, ஹார்ட் ஒன்று போய்விட்டது. பதறிப்போய் மறுபடி தொட்டு அழித்தாள்.

சாயங்காலம் வெற்றிச்செல்வன் எழுந்து டீ குடிக்கும்போது கிஷோர் கூப்பிட்டான். இவன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணாத்தே, தப்பா நெனச்சுக்காத. நைட் டூட்டி முட்ச்சிட்டுத் தூங்காம காவ்யா போட்டாவ அப்டி இன்னா பாத்துகினு கீற? போட்ட ரெண்டாவது நிமிசம் ஒன் பேருதான் வருது. இன்னிக்கு ஹார்ட்டு வேற, நீ அழிக்கறதுக்குள்ள பாத்துட்டோம்.”

“இன்னாடா ஒளர்றே? நானா?”

“ஒன் போனு தானா பாக்குமா? ஒன்ன அண்ணன்னு நெனச்சேன். இனிமே ஒன் ஊட்டுப் படி ஏற மாட்டேன்.”

வெற்றிச்செல்வன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தூக்கம் கலையாத முகத்தோடு விழித்தான். யுவராணி வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் அவள் மானம் மிஞ்சும். அண்ணன் தம்பி உறவு இன்றோடு போய்விடும். அவள் போன் பக்கம் குனிந்தாள்.

“தம்பி, அவர ஒன்னும் சொல்லாத. பாத்தது நான்தான். நான் போவேண்டிய எடத்துக்கு அவ போறாளேன்னு வயிறு எரிஞ்சு பாத்தேன். ஹார்ட்டு கை தவறிப் போச்சு.”

அந்தப் பக்கம் காவ்யா போனை வாங்கினாள். அழுதிருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

“அக்கா, நீயா பாத்தே? ஒனக்குன்னுதான்க்கா அத்தினியும் போட்டேன். நீ ஆசப்பட்ட எடமாச்சே. மூணு நாளா ஒன் பேரு வருதா வருதான்னு தேடிகினு கீறேன்.”

அவள் திட்டியிருந்தால் யுவராணியும் பதிலுக்குத் திட்டியிருப்பாள். இப்போது புருஷன் முகத்தைப் பார்க்காமலே தன் போனை எடுத்து, காவ்யாவின் ஸ்டேட்டஸைத் திறந்தாள்.