உதட்டோரம்

ஆண்கள் வார்டு நர்ஸுக்கு ஆஸ்பத்திரி இங்கிலீஷ் அத்துப்படி. நோயின் பெயர், மருந்தின் பெயர் எல்லாம் நுனிநாக்கில் நிற்கும். ஆனால் அன்று மேட்ரன் கூப்பிட்டுச் சொன்ன வார்த்தையை அவள் அதுவரை கேட்டதே இல்லை. முந்தின வாரம் இறந்துபோன பெரியவரின் மகன் புகார் கொடுத்திருந்தான். அப்பா போய்விட்டார் என்று சொல்லும்போது அவள் ‘ஸ்மர்க்’ செய்தாளாம். அப்படியென்றால் என்னவென்று கேட்கக் கூச்சமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் போட்டாள். மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் நாலு சொல்வான். அன்றைக்கு என்னவோ மென்று விழுங்கினான்.

“சிரிக்கிறதுதானேடா?”

“சிரிப்புதான்க்கா. ஆனா நல்ல சிரிப்பு இல்ல. ஒருத்தன் விழுந்து கிடக்கும்போது, நல்லா வேணும்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டு உதட்டோரமா சிரிப்பாங்க பாரு, அது.”

“நமட்டுச் சிரிப்பா?”

“நமட்டுச் சிரிப்புல கொஞ்சம் விளையாட்டு இருக்கும். இதுல அதுகூடக் கிடையாது.”

அழுகையை அடக்கினால் அவளுடைய இடப்பக்க உதடு தானாக மேலேறிவிடும். பிறவியிலேயே அப்படி. அவளுடைய சொந்த அப்பா இறந்த அன்று அதைப் பார்த்துவிட்டு ஓர் அத்தை காதோடு காதாகப் பேசியதும் உண்டு. தம்பிக்குத் தெரியும், அக்காவின் உதடு ஏறினால் அடுத்து கண்ணீர்தான் என்று. பெரியவரின் மகனுக்கு அது எப்படித் தெரியும்?

விசாரணையன்று தரையைப் பார்த்தபடியே உட்காரச் சொல்லித் தம்பி அனுப்பிவைத்தான். அப்படியே உட்கார்ந்தாள். மகன் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பாள். அவனோ, ராப்பகலாக அப்பா பக்கத்திலேயே இருந்ததையும், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று வெளியே போன நேரத்தில் அவர் உயிர் பிரிந்ததையும் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு போனான். மாத்திரைக்கு வாய் திறக்க அடம்பிடிக்கும் அந்தக் கிழவர் அவள் கண்முன் வந்தார். உதடு ஏறியது.

மகன் பேச்சை நிறுத்தினான். “இதோ, பாருங்க. இதேதான்.”

“இது சிரிப்பு இல்லைங்க,” என்றாள். “அழுகை வந்தா எனக்கு இப்படித்தான் ஆகும்.”

விசாரித்த அதிகாரி மேட்ரனைப் பார்த்தார். மேட்ரன் மேசையைப் பார்த்தாள்.

“எங்கப்பாவுக்காக நீங்க எதுக்குங்க அழணும்?” என்று கேட்டான் மகன். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

தண்டனை என்று எதுவும் இல்லை. மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். நோயாளிகள் முகத்தில் விழிக்க வேண்டாம், கால்வலி மிச்சம் என்று மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவளுக்குப் பேச்சே குறைந்துபோனது.

சில மாதம் கழித்து, வார்டில் அவளோடு வேலை பார்த்த தோழியின் கணவர் விபத்தில் போய்விட்டார். தம்பியும் அவளும் கிளம்பிப் போனார்கள். வாசல் நிறைய ஆட்கள். தெருமுனையிலேயே அவள் நின்றுவிட்டாள்.

“வாக்கா. அவங்களுக்குத்தான் உன்னைப் பத்தித் தெரியுமே.”

“அவளுக்குத் தெரியும்டா. மத்தவங்களுக்கு?”

தம்பி மட்டும் உள்ளே போய், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தான்.