அரம் பட்ட பச்சைக் கல்

டோல்கேட்டுக்குப் பக்கத்தில் காயலான் கடை வைத்திருக்கும் ரஷீது மனிதர்களை நம்புவதில்லை. அவர் நம்பியதெல்லாம் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கும் காந்தத்தைத்தான். பித்தளை என்று எவன் எதைக் கொண்டுவந்தாலும் அதன்மேல் காந்தத்தைக் காட்டுவார். ஒட்டினால் உள்ளே இரும்பு, கொண்டுவந்தவன் திருடன். அப்புறமும் சந்தேகம் இருந்தால் அரத்தால் ஒரு ராவு, மேல்பூச்சு போய்விடும். இந்த இரண்டு வித்தையை வைத்துக்கொண்டு தன்னை விஞ்ஞானி என்றே நினைத்திருந்தார் மனுஷன்.

மகள் தஸ்னீம் காந்தப் பொருள்களில்தான் ஆராய்ச்சி செய்கிறாள். மாதக்கணக்கில் உலையில் வளர்த்த பச்சைக் கல் ஒன்றை, துவரம்பருப்பு அளவுதான், வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் அதோடு மும்பைக்கு ரயில். அங்கே பெரிய மிஷினில் வைத்து அளக்க வேண்டும். தனியாகப் போகாதே என்று ரஷீது கத்திக்கொண்டிருந்தார்.

"இதுல இன்னாதாம்மா கீது?"

"உள்ள குட்டிக் குட்டி காந்தம் அத்தா. சாதாரணமா நல்லா குளிர வெச்சா அதெல்லாம் ஒழுங்கா வரிசையில நின்னுடும். இதுல மும்மூணா முக்கோணத்துல உக்காந்துகினு, ஒவ்வொண்ணும் பக்கத்துல கீறதுக்கு எதிரா திரும்பப் பாக்கும். ரெண்டு திரும்பிட்டா மூணாவது எங்க திரும்பும்?"

"நம்ம வூடு மாதிரின்னு சொல்லு."

"அதான். சூடே இல்லைன்னாலும் நிக்காம ஆடிக்கினே கெடக்கும். குவாண்டம் ஊசலாட்டம்னு பேரு."

ரஷீது உற்றுப் பார்த்தார். ஆடவில்லை. காலையில் அவள் குளிக்கப் போன நேரம் காந்தத்தைக் காட்டினார். ஒட்டவில்லை. ஒட்டாதது காந்தமா? ஆராய்ச்சி சொல்லித்தருகிற அந்த வாத்தியார் நம்ம பெண் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான்! நிறம் வேறு அசல் செம்புக் களிம்பு. அரத்தை எடுத்தார். இதோ தெரிந்துவிடும், இதோ தெரிந்துவிடும் என்று ராவியதில் விரலில் பச்சைப் பொடிதான் மிஞ்சியது.

தலையில் துண்டோடு வந்த தஸ்னீம் அவர் விரலைப் பிடித்துப் பார்த்தாள். அவள் அம்மா ரஹீமுன்னிசாதான் கத்தினாள்: "நீ போவக் கூடாதுன்னு கறுவிகினு இருந்தாரு, சாதிச்சிட்டாரு பாரு!"

"வேணும்னே பண்ணியா அத்தா?"

ஆமாம் என்று சொல்லிவிட ரஷீதுக்கு ஆசையாக இருந்தது. கெட்டவன் என்பார்கள், அதில் ஒரு கெத்தாவது உண்டு. உண்மையைச் சொன்னால் வெறும் முட்டாள். ஆனால் மகள் பொடியைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றால் இனி அந்தப் பார்வை தன் பக்கம் திரும்பாது.

"சத்தியமா இல்லம்மா. உள்ள செம்பு கீதான்னு பாத்தேன்."

"செம்பு கீது அத்தா," என்றாள். "கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே." சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் அழுதுவிட்டாள்.

வாத்தியாரோடு போனில் பேசிவிட்டு வந்து சொன்னாள்: மிஷினில் அவள் முறை வேறு யாருக்கோ போய்விட்டது, புதுக் கல் வளரும்வரை லேபுக்குப் பக்கத்து ஹாஸ்டலில்தான் வாசம். நாலு நாள் பிரிவுக்குக் கத்திய மனுஷன், மாதக் கணக்குப் பிரிவைத் தன் கையாலேயே ராவி எடுத்திருந்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே போனார்.

"அடுத்த கல்ல உன் கண்ணுலயே காட்ட மாட்டேன்," என்றாள் தஸ்னீம்.

"காட்டாத," என்றார் ரஷீது. "அரம் இல்லைன்னா கடிச்சிப் பாத்துடுவேன்."