தண்ணீரில் எரியாத பல்பு

என் மகளை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வக்கீல் என்றுதான் சொல்வார்கள். குளிக்கப் போ என்றால், நேற்றுதானே குளித்தேன், அதற்குள் எங்கே அழுக்குச் சேர்ந்தது, காட்டு என்பாள். பத்து வயதுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று அவள் அப்பாவிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூரில். வீட்டில் இருக்கிற நாளிலும் மகளோடு கட்சி சேர்ந்துகொண்டு என்னையே கூண்டில் ஏற்றுவார். அதனால் அந்த வீட்டில் என் பேச்சு எடுபடுவதே அபூர்வம்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கையில் ஓர் அட்டையை ஏந்திக்கொண்டு வந்தாள். அட்டையில் டார்ச்சுக்குப் போடும் செல் ஒன்று, சின்ன பல்பு ஒன்று, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வயர்கள். எல்லாம் ஒட்டு டேப்பில் நின்றன.

"அம்மா, மிஸ் கரண்ட் பாடம் எடுத்தாங்க. எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க. இந்த ரெண்டு வயரையும் எது மேலயாவது வச்சா, பல்பு எரிஞ்சா அது கடத்தி. எரியலன்னா கடத்தாத பொருள்."

கடத்தி என்றதும் எனக்குக் கடத்தல்காரன்தான் நினைவுக்கு வந்தான். சொன்னேன். அவளுக்குச் சிரிப்பே வரவில்லை. கரண்டியில் வைத்தாள், எரிந்தது. சாவியில் வைத்தாள், எரிந்தது. சீப்பு, செருப்பு, ரப்பர் வளையம், என் முழங்கை, எதிலும் எரியவில்லை. குடிக்கிற தம்ளரில் தண்ணீர் பிடித்து வயர்களை முக்கினாள். அதிலும் எரியவில்லை.

"கிளாஸ்லயும் இப்படித்தான். தண்ணியில எரியவே இல்ல. கடத்தாத பொருள்னு எல்லாரும் எழுதிட்டோம். அப்புறம் மணி அடிச்சிருச்சு."

"அதெல்லாம் சரி, வீட்ல இருக்கிற பிளக்குல கிளக்குல இதை வச்சுத் தொலைக்காதே."

"அது எனக்குத் தெரியாதா? பிளக் பாயிண்ட்டைத் தொடக் கூடாதுன்னு மிஸ் முதல்லயே சொல்லிட்டாங்க."

எனக்கு நின்று கேட்க நேரமில்லை. கீழே கடையில் ஓட்டல்காரரின் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன, சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வீட்டுப்பாடத்தை முடி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

எங்களுடையது வாட்ச்மேன் உள்ள அடுக்குக் கட்டடம். எங்கள் சலவைக்கடை வீட்டுக்கு நேர் கீழே, வீட்டிலிருந்து வெளியே போகத் தனி வாசலும் உண்டு. நீளமான ஒற்றை அறை. மாடிப்படி வந்து இறங்குவது ஒரு கோடியில், தெருப்பக்கம். அதே பக்கம் ஷட்டர், பில் போடும் மேசை. மறு கோடியில் நான் நின்று இஸ்திரி போடுவதற்கு ஒரு மரப்பலகை மேடை. நடுவில் சுவரோரமாக இரண்டு வாஷிங் மெஷின்கள். மெயின் சுவிட்ச் அந்த மெஷின்களுக்குப் பின்னால். எந்தப் புத்திசாலி அதை அங்கே வைத்தானோ, அவனை நான் பார்த்ததில்லை, பார்த்தால் நாலு கேள்வி கேட்பேன். அவசரத்துக்கு எட்டுகிற இடத்திலா இருக்கிறது?

அன்று தெருப் புழுதி படாமலிருக்க ஷட்டரை இறக்கிவிட்டு, விரிப்புகள் சீக்கிரம் உலரட்டும் என்று ஒரு பெரிய மின்விசிறியை ஓடவிட்டிருந்தேன். அதன் பிளக்கு ஒரு நீள வயர் போட்ட பிளாஸ்டிக் பிளக் பாக்ஸில். பாக்ஸைத் தரையில் வைக்கக் கூடாது என்று ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்திருந்தேன். அந்த அளவுக்கு எனக்கும் அறிவு உண்டு.

நான் மேடைமேல் நின்று இரண்டாவது விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மெஷினின் கழிவுத் தண்ணீர்க் குழாய் கழன்றது. சோப்புத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டித் தரையெல்லாம் பரவியது. விரிப்புகள் நனைந்துவிடும் என்ற பதற்றத்தில், மேடையில் நின்றபடியே, அவை கிடந்த தள்ளுவண்டியின் ஓரத்தைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். சக்கரத்தில் விசிறியின் வயர் சிக்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. காலிப் பெட்டி சாய்ந்தது. பிளக் பாக்ஸ் தண்ணீருக்குள் விழுந்தது.

வண்டியை விட்டுவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். விசிறி நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. பாக்ஸில் உள்ள சிவப்பு விளக்கு தண்ணீருக்கு அடியிலும் எரிந்துகொண்டிருந்தது. மெஷின் இன்னும் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. எனக்கும் வாசலுக்கும் நடுவில் முழுவதும் தண்ணீர். மெயின் சுவிட்ச் அந்தத் தண்ணீருக்கு நடுவில். போன் பில் மேசைமேல். மரத்தின் மேல்தானே நிற்கிறேன், யாராவது வருகிறவரை அசையாமல் நிற்போம் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

வந்தது என் மகள்.

தண்ணீர் சத்தம் கேட்டு இறங்கி வந்திருக்கிறாள். வெறுங்கால். கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்றுகொண்டு பார்த்தாள்.

"அங்கேயே நில்லு!" என்று கத்தினேன்.

"ஐயோ, பாக்ஸ் விழுந்துருச்சு."

"தெரியுது. நீ மேல போ. தண்ணியில கரண்ட் இருக்கு."

போயிருந்தால் அவள் என் மகள் இல்லை. குனிந்து தண்ணீரை உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் கொஞ்சமும் இல்லை.

"தண்ணியில கரண்ட் வராதும்மா. காட்டினேன்ல? பல்பு எரியல."

"அது வேற, இது வேற. மேல போ."

"எப்படி வேற? அதுவும் தண்ணி, இதுவும் தண்ணி. பாக்ஸ் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கும் கடத்தாது. நான் போய் எடுத்து மேல வச்சிடறேன், நீ இறங்கி வா."

"மிஸ் தொடக் கூடாதுன்னு சொல்லல?"

"பிளக் பாயிண்ட்டைத்தான் தொடக் கூடாதுன்னாங்க. நான் பாக்ஸோட ஓரத்தைத்தானே பிடிக்கப் போறேன்."

அவள் அடம் பிடிக்கவில்லை, அதுதான் கொடுமை. என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை, தன் கண்ணால் பார்த்ததை, ஒழுங்காகக் கூட்டிக் கழித்துப் பேசுகிறாள். நானோ படிப்பை எட்டாவதோடு நிறுத்தியவள். ஈரக்கையோடு சுவிட்ச் போட்டால் சுரீர் என்று இழுக்கும் என்பது தெரியும், ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"ஈரக்கையோட சுவிட்சைத் தொட்டு எனக்கு ஷாக் அடிச்சிருக்குடி. நீ பாத்திருக்கே."

"அந்த சுவிட்ச் உடைஞ்சு போயிருந்துச்சு. அதனாலதான் அடிச்சுது. தண்ணியால இல்ல."

திட்டினேன், கெஞ்சினேன், அப்பாவிடம் சொல்வேன் என்றேன். ஒன்றும் பலிக்கவில்லை. தண்ணீர் அவள் நின்ற படிக்குக் கீழ்ப்படியைத் தொட்டுவிட்டது. அவள் கவுனைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், தண்ணீரில் இறங்கும்போது நனையக் கூடாது என்று.

"ரெண்டே நிமிஷம்மா. பயப்படாதே."

என்னைப் பார்த்துப் பயப்படாதே என்கிறாள்! அவளைப் பிடித்து இழுக்க எனக்குக் கை எட்டாது. நடுவில் முழு அறையும் கிடக்கிறது. அவள் ஒரு காலை முன்னால் நீட்டினாள்.

அப்போது என் வாயில் எப்படி அந்தச் சொல் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"சரி. வராதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியும், அப்படித்தானே?"

"தெரியும்."

"அப்போ நீ எதுக்கு நனையணும்? நான்தான் இறங்கி வந்து எடுக்கறேன்."

செருப்பைக் கழற்றினேன். மேடையின் விளிம்புக்கு வந்தேன். மிரட்டலுக்கு என்று நினைத்தால் அது பொய். அவள் கால் தண்ணீருக்குள் போகுமானால் அதற்கு முன்னால் என் கால் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான் என் மண்டைக்குள் இருந்தது. புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினேன். கீழே தண்ணீரில் என் பாதத்தின் நிழல் விழுந்தது.

"அம்மா!"

அப்படி ஒரு அலறலை அவள் பிறந்த அன்றைக்குக்கூட நான் கேட்டதில்லை.

"வேண்டாம்! வைக்காதே! வேண்டாம்மா!"

நீட்டிய காலை அவளும் பின்னால் இழுத்துக்கொண்டாள். இரண்டு படி மேலே ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். என் கால் இன்னும் அந்தரத்தில் நின்றது. அதைத் திரும்ப மேடைமேல் வைப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"ஏண்டி, வராதுன்னு சொன்னியே?" என்று கேட்டேன்.

"தெரியல. வேண்டாம்."

"அப்போ நான் சொல்றதைக் கேளு. மேல போய், வீட்டு வாசல் வழியா வெளியே போ. வாட்ச்மேன் மாமாகிட்ட சொல்லு, மீட்டர் ரூம்ல எங்க கடைக்குப் போற கரண்டை நிறுத்தணும்னு. போ. ஓடு."

முதல் தடவையாக எதிர்க்கேள்வி கேட்காமல் ஓடினாள். மாடியில் அவள் காலடிச் சத்தமும், வீட்டுக் கதவு படாரென்று மூடுகிற சத்தமும் கேட்டன. அதற்குப் பிறகு தண்ணீர் சத்தம் மட்டும்தான். தண்ணீர் மேடையின் பலகையைத் தொட்டு இடுக்குகளில் ஏறத் தொடங்கியது. நான் மேடையில் கட்டி வைத்திருந்த உலர்ந்த விரிப்பு மூட்டையின் மேல் ஏறிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தால்? சாவி அவரிடம் இல்லாவிட்டால்? பொறுக்க முடியாமல் இவள் வேறு வழியாகத் திரும்பக் கடைக்குள்ளே வந்துவிட்டால்? கண்ணை ஷட்டரிலிருந்து எடுக்கவே இல்லை.

விளக்கு அணைந்தது. விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. வெளியே வாட்ச்மேன் ஷட்டரைத் தட்டி, "நிறுத்தியாச்சும்மா! இறங்காதீங்க, எலக்ட்ரீசியன் வரட்டும்!" என்று கத்தினார்.

எலக்ட்ரீசியன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். பாக்ஸைத் தூக்கிக் கவிழ்த்தபோது அதற்குள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. பாப்பாவா இதை எடுக்கப் போச்சு என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வயரைச் சுருட்டினார்.

அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என் புடவைத் தலைப்பை விடவும் இல்லை. எனக்கோ பயம் இறங்க இறங்கக் கோபம் ஏறிக்கொண்டே போனது. மறுநாள் கடையைத் திறக்காமல் அவளையும் கூட்டிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழியெல்லாம் அந்த மிஸ்ஸை என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

வகுப்பு வாசலிலேயே மிஸ்ஸைப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை. அவர் மறுத்துப் பேசுவார், நாமும் ஒரு கை பார்க்கலாம் என்று நின்றேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு செல்தாங்க அதுல. பல்பை எரிய வைக்க அந்தக் கரண்ட் பத்தாது. வீட்டுக் கரண்ட்னா தண்ணியில நல்லாவே போகும். உப்புத் தண்ணி வச்சு, நாலு செல் சேர்த்து இன்னைக்குக் காட்டலாம்னு இருந்தேன். நேத்து மணி அடிச்சிருச்சு." பிறகு, "எல்லாரும் அதை வீட்டுக்குக் கொண்டு போயிருக்காங்க" என்றார்.

அதைச் சொல்லும்போதே அவருக்கு விஷயம் உறைத்துவிட்டது. எனக்கும்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வகுப்புக்குள் திரும்பிப் பார்த்தோம். எந்த பெஞ்சாவது காலியாக இருக்கிறதா என்று என் கண் தேடியது. இல்லை. எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மிஸ் உள்ளே போனார். என் மகள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"தண்ணியில மின்சாரம் போகாதுன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. விடை தெரிந்த சந்தோஷத்தில் சில பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்தே நின்று தூக்கினார்கள். மிஸ்ஸுக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். தூக்காதது ஒரே ஒரு கை.

"நீ ஏன் தூக்கல? நேத்து உனக்கும் பல்பு எரியலதானே?"

என் மகள் எழுந்தாள்.

"எரியல மிஸ். வீட்லயும் எரியல. எனக்கு நிச்சயமாத் தெரியும்னுதான் நினைச்சேன். அப்புறம் எங்கம்மா கால வைக்கப் போனாங்க."

"அதனால?"

வாசலில் நின்ற என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"நிஜமாவே தெரிஞ்சிருந்தா, நான் எதுக்கு மிஸ் கத்தினேன்?"