மஞ்சள் என்று சொல்லி விற்ற ரோஜா

அக்டோபர் பதினெட்டாம் தேதி காலை, பச்சை வலைக்கு அடியில் செடிகளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போன தேவகுமாரி, மூன்றாவது வரிசையில் அப்படியே நின்றுவிட்டாள்.

மஞ்சள் ரோஜா பூத்திருந்தது. ஆனால் மஞ்சளாக இல்லை. கண்ணைப் பறிக்கிற ராணிக் கலர். செடியில் கட்டியிருந்த அட்டையில் மட்டும் எலுமிச்சை நிறத்தில் ஒரு பூ பளபளவென்று இருந்தது. பக்கத்துப் பையில் ஒரு மொட்டைக் கிள்ளிப் பிரித்துப் பார்த்தாள். ராணிக் கலர். அடுத்ததும் அதுவே. நான்கு மொட்டுகளைப் பிரித்தவளுக்கு ஐந்தாவதைத் தொடத் தைரியம் வரவில்லை.

சேர்வராயன் கோயிலுக்குப் போகிற சாலையில் அவள் நர்சரி வைத்து ஒன்பது வருடமாகிறது. கேட்லாக்கைப் பார்த்துக் கேட்டால் கீழே சமவெளியிலிருந்து ஒரு கம்பெனி செடி அனுப்பும். அப்படி ஆடி மாதம் வந்த முப்பது ரோஜாவில் பாதி விற்றுப்போயிருந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா வந்தவர்கள், மலையிறங்கிப் போய்விட்டார்கள். ஆனால் ஆறு செடியை வாங்கியவர் லூர்துராஜ்.

அவர் ஒரு காபி எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருடம் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் மனைவி சாந்தாமேரியோடு நர்சரிக்கு வந்திருந்தார். அந்த அம்மா கேட்லாக்கை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, இந்த மஞ்சள் ரோஜாவின் மேல் விரலை வைத்து, "இது வந்தா எனக்குத்தான் மொதல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். செடி வரவில்லை. போன தை மாதம் அந்த அம்மா இறந்துபோனார். ஆடியில் செடி வந்ததும் தேவகுமாரியேதான் போன் செய்து லூர்துராஜிடம் சொன்னாள். அவர் ஆறையும் கொண்டுபோய் மனைவியின் கல்லறையைச் சுற்றி நட்டார்.

தேவகுமாரி உடனே கம்பெனிக்கு போன் போட்டாள். "படம் ஒரு மாதிரிக்குத்தாங்க மேடம். கலர் முன்ன பின்ன இருக்கும்" என்றான் எடுத்தவன்.

"முன்ன பின்னயா? மஞ்சளுக்கும் ராணிக் கலருக்கும் என்னங்க சம்பந்தம்?"

போட்டோ அனுப்பச் சொன்னான். அனுப்பினாள். பதில் வரவில்லை.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு லூர்துராஜே தண்ணீர்க் கேனோடு வந்து நின்றார். தேவகுமாரி அவசரமாக ஒரு சாக்கை எடுத்துப் பூத்த செடியின் மேல் போட்டாள்.

"அம்மிணி, மொட்டு வந்துருச்சு! பதினோரு மொட்டு எண்ணுனேன். கல்லறைத் திருநாளுக்குச் சரியா விரிஞ்சிரும்போல. மக ஜோஸ்லினும் சென்னையில இருந்து வர்றா. அம்மா ஆசப்பட்ட பூவுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "நொம்ப சந்தோசமுங்க ரைட்டரய்யா" என்றுதான் வந்தது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மூன்று நாளுக்கொரு தரம் அவர் வந்து கணக்குச் சொன்னார்: பதினாலு, பதினேழு. ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்துத் தலையாட்டினாள். அவர் முதுகு திரும்பியதும் சாக்கைத் தூக்கி அந்தப் பூவைப் பார்த்தாள். ஜீப் ஓட்டும் அவள் புருஷன் தனபால், "கம்பெனிக்காரன் பண்ணுன தப்புக்கு நீ ஏன் புள்ள கெடந்து சாவற? போயிச் சொல்லிப்போடு" என்றான்.

"எப்படிங்க சொல்றது? அந்தம்மா கையி வெச்ச படமுங்க அது."

கடைசியில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. வாழவந்தியில் தெரிந்த ஒரு நர்சரியில் கிட்டத்தட்ட அதே மஞ்சளில் ஆறு செடி, பூவோடு கிடைத்தது. மாற்றி நட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், விடிந்ததும் விடியாததுமாக, செடிகளை மொபெட்டில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள்.

பனிமூட்டத்தில் சிலுவைகள் பாதிதான் தெரிந்தன. சாந்தாமேரியின் கல்லறையை முன்பே பார்த்திருந்ததால் கண்டுபிடித்துவிட்டாள். மொட்டுகளின் நுனியில் நிறம் கசியத் தொடங்கியிருந்தது. முதல் செடியின் அடியில் களைக்கொத்தை இறக்கினாள். மூன்று மாதத்தில் வேர் ஆழமாகப் பிடித்திருந்தது. இழுத்தால் வரவில்லை. இன்னும் ஆழமாகக் கொத்த வேண்டியிருந்தது. அடியில் யார் படுத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்ததும் கொத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

"யாரது?"

கேட் பக்கமிருந்து கேனோடு லூர்துராஜ் வந்துகொண்டிருந்தார். எழுந்து ஓடவும் முடியாமல், மண் ஒட்டிய கையோடு அவள் முழங்காலிலேயே இருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், தோண்டிய குழியைப் பார்த்தார், மொபெட்டில் இருந்த மஞ்சள் பூக்களைப் பார்த்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அழுதுகொண்டே, முன்னும் பின்னுமாகச் சொன்னாள். அவர் கேனைக் கீழே வைத்தார்.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பதினெட்டாந் தேதிங்க. நீங்க பதினோரு மொட்டுன்னு சொன்னீங்களே, அன்னைக்குக் காத்தால."

"அதுக்கப்பறம் நாலு தடவ வந்தேன். ஒவ்வொரு தடவையும் சின்னப் பையனாட்டம் எண்ணிச் சொன்னேன். நீங்க சிரிச்சீங்க." அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. "பூ மாறுனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, அம்மிணி? ஆனா என்னைய இப்படி எண்ண விட்டிருக்க வேண்டாம்."

"தப்புத்தானுங்க."

"எம் பொண்டாட்டி தலமாட்டுல இன்னொருக்கா கொத்து வெக்காதீங்க. மண்ண மூடுங்க. அந்தச் செடியெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

அவள் மண்ணைத் தள்ளிக் கையாலேயே அழுத்தி மூடினாள். அவர் கேனைச் சாய்த்து அந்தச் செடிக்குத்தான் முதலில் தண்ணீர் ஊற்றினார். அவள் போனதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நர்சரிக்கு வந்ததும் பூக்காத செடிகளில் கட்டியிருந்த படங்களையெல்லாம் அறுத்தெடுத்தாள். நிறம் கேட்டவர்களிடம், "பூத்தாத்தானுங்க தெரியும்" என்றாள். இரண்டு பேர் வாங்காமல் போனார்கள்.

கல்லறைத் திருநாளன்று போவதா வேண்டாமா என்று மத்தியானம் வரை தவித்தாள். மாலையில் தனபாலே கூட்டிக்கொண்டு போய் கேட்டில் இறக்கிவிட்டான். உள்ளே கூட்டம், சாமந்தி மாலை, எங்கு பார்த்தாலும் மெழுகுவத்தி. சாந்தாமேரியைச் சுற்றி ரோஜா விரிந்திருந்தது. அத்தனையும் ராணிக் கலர். கொத்துப்பட்ட செடி மட்டும் வாடித் தொங்கியது. அதைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் லூர்துராஜ் பார்த்துவிட்டார்.

"ஜோஸ்லின், நான் சொன்னேன்ல, நர்சரி தேவகுமாரி. படத்துல மஞ்சளா இருந்துச்சு, செடியில இப்படிப் பூத்துருச்சு."

கொத்துப்பட்ட செடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகள் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மாவா இருந்தா கம்பெனிக்காரன்கிட்ட நல்லா சண்டை போட்டிருப்பாங்க" என்றாள். லூர்துராஜுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"அவ விட்டிருக்க மாட்டா" என்றார்.

அவர் பழையபடி பேசவில்லை என்பது தேவகுமாரிக்குத் தெரிந்தது. அதற்கு நாளாகும். ஆனாலும் அவர் கையிலிருந்த மெழுகுவத்திக் கட்டிலிருந்து ஒன்றை உருவி அவளிடம் நீட்டினார். அவள் பற்ற வைத்தாள், காற்று அணைத்துவிட்டது. மறுபடி பற்ற வைத்தபோது அவர் குனிந்து, சுடர் நிற்கிறவரை உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொண்டார்.