ஞானம் வைத்த சீல்

எண்ணூர் சாலையில் ஒரு ஓட்டம் ஓடித் திரும்பிய ஃபியட் காசிமேட்டுப் பட்டறை வாசலில் வந்து நின்றதும் கருணாகரன் கை தட்டினார். முன்சீட்டிலிருந்து இறங்கிய ஞானம் தட்டவில்லை. அவன் காதை விட்டு அந்தச் சத்தம் இன்னும் போகவில்லை. ஜார்ஜ் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த ஒவ்வொரு முறையும் பானெட்டுக்குள்ளே கடகடகடவென்று, கோழித் தொண்டையில் எதுவோ சிக்கிக்கொண்டது போல ஓர் இழுப்பு.

“கேட்டியா மாமா, சோக்கா கீதுல்ல சவுண்டு?” என்றான் ஜார்ஜ். ஞானத்தின் மனைவி சிலுவையம்மாளுக்கு அவன் ஒரே தம்பி. நாளைக்குச் சோழவரம் ரேஸில் இந்த வண்டியை ஓட்டப் போகிறவன்.

“ஃபாரின் வண்டி கெட்டுது போ! ஜனம் மொத்தமும் திரும்பிப் பாக்கும்” என்றார் கருணாகரன். இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர். மீனில் சம்பாதிப்பதைக் காரில் கரைப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்ட மனிதர். உடைத்த கப்பலிலிருந்து கழற்றிய டர்போவைக் கொண்டுவந்து, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்க அதை ஃபியட்டில் மாட்டவைத்தது அவர்தான். ஓட்டுபவன் காலை எடுத்ததும் தேங்குகிற காற்றை வெளியே விட ஒரு வால்வு வேண்டும். அதைக் கப்பலில் வேலை பார்க்கும் தோஸ்து ஒருவன் எங்கோ வாங்கிவந்தான். கூட வந்த காகிதம் ஜெர்மன் பாஷையில் இருந்தது. கருணாகரன் அதைத் தலைகீழாகவும் வைத்துப் பார்த்துவிட்டு, “வால்வுன்னா நம்ம ஞானந்தான்” என்று சொல்லிவிட்டார்.

அதில் பொய் இல்லை. துறைமுகத்து நீராவிக் கிரேன்களுக்கு இருபது வருஷமாக வால்வு வைப்பவன் ஞானம். திருகாணியைச் சரிபார்த்து, கம்பி கோத்து, ஈயத் துண்டைக் குறட்டால் நசுக்கி ‘ஞா’ என்று முத்திரை குத்திவிட்டால், பிறகு அதன் மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். தன் சீலைத் தானே உடைத்த ஃபிட்டருக்குத் துறைமுகத்தில் வைக்கிற பேரைப் பெண்கள் காதுபடச் சொல்ல முடியாது. ஞானத்துக்கு அந்தப் பேர் வந்ததே இல்லை.

காலையில் இந்த வால்வையும் அதே கையால்தான் வைத்தான். இன்ஜின் சும்மா ஓடும்போது அது லேசாகச் சீறியது. சீறுகிற வால்வு ஒழுகுகிற வால்வு, ஃபிட்டருக்கு மானக்கேடு. அரைச் சுற்று இறுக்கினான். சீறல் நிற்கவில்லை. இன்னும் ஒரு சுற்று. நின்றது. சந்தோஷமாகச் சீல் வைத்தான்.

நீராவி வால்வு ஆபத்துக்குத் திறந்தால் போதும். இதுவோ காலை எடுக்கும்போதெல்லாம் திறக்க வேண்டியது. எர்ணாவூர் தாண்டி மூன்றாவது முறை அந்தக் கடகட கேட்டபோதுதான் அது அவன் மண்டையில் உறைத்தது. வால்வு திறக்கவில்லை. போக வழியில்லாத காற்று திரும்பி டர்போவையே அறைந்துகொண்டிருந்தது.

பானெட்டைத் தூக்கினான். கார்பரேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயின் கிளிப் இரண்டு விரல் நகர்ந்திருந்தது. இன்னும் அரை விரல்தான் பிடி. குழாய் பிடுங்கிக்கொண்டால் கார்பரேட்டர் பெட்ரோலைக் கக்கும். நேர் கீழே எக்ஸாஸ்ட் குழாய் பழுக்கக் காய்ந்து கிடந்தது. 

“கிளிப்ப இறுக்கிடு, அவ்ளோதான்” என்றார் கருணாகரன். “சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வண்டி சோழவரத்துல நிக்கணும். செக்கிங் கீது.”

கிளிப்பை இறுக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. நாளைக்கு வண்டி பற்றிக்கொண்டாலும் கிளிப் நழுவிச்சு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், சீலைப் பற்றி ஒரு வாய் பேசாது. அந்த நினைப்பு தனக்கு வந்ததே என்று ஞானத்துக்கு அருவருப்பாக இருந்தது. காலையில் சிலுவையம்மாள் கேட்டிருந்தாள், “நீ சீல் வெச்சிட்டியா? அத்த மட்டும் சொல்லு, அவன அனுப்புறேன்.” வெச்சாச்சு என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

“இன்னா மாமா யோசிக்கிறே? உன் சீலு கீது, அந்தத் தகிரியத்துலதான் நா அழுத்துனதே” என்றான் ஜார்ஜ்.

ஞானம் குறட்டை எடுத்துச் சீல் கம்பியை வெட்டினான்.

“யோவ், இன்னாய்யா பண்றே!” என்று கருணாகரன் பாய்ந்து வந்தார்.

“தப்பு என்னுதுண்ணே. ஓவரா இறுக்கிட்டேன். இது தொறக்கல. தொறக்காததத்தான் நாம சவுண்டுன்னு ரசிச்சிகினு கீறோம்.”

திருகாணியை ஒன்றரைச் சுற்று தளர்த்தினான்.  கிளிப்பைப் பழைய இடத்தில் வைத்து இறுக்கினான். இன்ஜினைப் போட்டதும் வால்வு பழையபடி சீறியது. பக்கத்துப் பட்டறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஞானம் வைத்த வால்வு, எல்லோர் காதும் கேட்க, ஒழுகிக்கொண்டிருந்தது.

“சீலு?” என்றான் ஜார்ஜ்.

“வெக்கப் போறதில்ல.”

“அப்ப நா இன்னாத்த நம்பி அழுத்துறது?”

ஞானம் உடைந்த ஈயத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்தான். “வண்டிய எடு, மச்சான்” என்றான்.

“நீ எதுக்கு? உனுக்கு எதுனா ஆச்சின்னா, அக்கா என்னிய...”

“எடுடா.”

வண்டி கிளம்பியது. திருவொற்றியூர் தாண்டி ரோடு காலியானதும் ஜார்ஜ் அழுத்தினான். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை பின்னால் சாய்ந்தது. எர்ணாவூர் வளைவு நெருங்கி வந்தது. காலை எடுத்தான். ஜெபமாலை முன்னால் பாய்ந்தது.

புஸ்ஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு. கடகட இல்லை.

ஜார்ஜ் மறுபடி அழுத்தினான், மறுபடி எடுத்தான். மறுபடியும். ஒவ்வொரு முறையும் காலை எடுப்பதற்கு முன்னால் அவன் ஓரக்கண்ணால் ஞானத்தின் முகத்தைப் பார்த்தான். ஞானம் முகத்தை அசைக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மூடிய கைக்குள்ளே ஈயத்தின் விளிம்பு குத்திக்கொண்டிருந்தது.