நான் சொல்லும்வரை போடாதே

என் அப்பாவுக்கு இருபத்தைந்து வயது. கூட்டுறவுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவர் எல்லோரையும் வம்புக்கு இழுக்கிறாள். பெயர் உயராக். என்னைப் பெற்ற அப்பாவின் பெயரும் உயராக்தான். அவர் இறந்து மூன்றே வாரத்தில் எதிர்வீட்டில் இவள் பிறந்தாள். என் அம்மா போய் அந்தப் பெயரை இவளுக்கு வைத்துவிட்டு வந்தாள். செத்தவரின் பெயர் எங்கே போகிறதோ அங்கே அவரும் போய்விடுகிறார் என்பது வடதுருவப் பனியில் இருக்கிற எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால் இவள் தவழ்ந்த நாளிலிருந்தே நான் இவளை அப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். இவள் என்னை மகனே என்கிறாள். எனக்கு வயது ஐம்பது.

இதில் எனக்கு ஒருநாளும் குழப்பம் வந்தது கிடையாது. போன ஏப்ரலில்தான் வந்தது, ஒரு பழைய டேப்பால்.

ஊர் வீடியோக் கூடத்தில் எனக்குப் படங்களை வெட்டி ஒட்டுகிற வேலை. முப்பது வருஷமாக எடுத்த டேப்புகள் பின்னால் ஒரு இரும்புப் பெட்டகத்தில் கிடக்கின்றன. யாரோ தோல் பதனிடுகிறார்கள், யாரோ முரசடித்துப் பாடுகிறார்கள், யாரோ பேசிக்கொண்டே தூங்கிவிடுகிறார்கள். பாதி டேப்புகள் கருவாடு போலக் காய்ந்து உதிர ஆரம்பித்துவிட்டன. அவற்றை ஓட்டுகிற மெஷின் ஊரில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அதுவும் கிழவன் இருமுவது போல இருமுகிறது. தெற்கே இருக்கிற காப்பகம் ஒன்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருந்தது. பெட்டிகள் வெள்ளிக்கிழமை விமானத்தில் போயாக வேண்டும். ஒவ்வொரு டேப்புக்கும் பேசியவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும்.

திங்கட்கிழமை பெட்டி கட்டும்போது அடியில் அந்த டேப் கிடைத்தது. மேலே எங்கள் மொழி எழுத்தில், கோணல்மாணலாக எழுதியிருந்தது: 'உயராக். நான் சொல்லும்வரை யாரும் போடக்கூடாது.'

யார் எழுதியது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்பாவின் எழுத்து முன்பெல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும். அது கோணலானது என்னால்தான்.

சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது நான் கேமராப் பைத்தியம். தந்தம் நீண்ட கடல்மிருகமான வால்ரஸை வேட்டையாட அப்பாவோடு படகில் போனபோதும் அதைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். அப்பா கயிறு கட்டிய ஈட்டியை எறிந்தார், அது நன்றாக ஏறிவிட்டது. "கயித்தப் பிடிடா" என்று கத்தினார். நான் ஒரு கையால் பிடித்தேன். இன்னொரு கையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அப்படி ஒரு நிறத்தில் தெறித்தது, கண்ணை எடுக்க மனசு வரவில்லை. கயிறு என் கையிலிருந்து உருவிக்கொண்டு போய் அப்பாவின் கையைச் சுற்றியது. வால்ரஸ் போயிற்று, ஈட்டி போயிற்று, அப்பாவின் வலக்கையில் இரண்டு விரல்களும் போயின.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டரை வருஷம். ஒரே வீட்டில் டீ குடித்தோம், ஒரே தட்டில் இறைச்சி அறுத்தோம், பேச்சு மட்டும் இல்லை. நானும் தப்புதான் என்று சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். பிறகு அவர் இறந்துவிட்டார். எதிர்வீட்டில் இவள் பிறப்பதற்கு ஆறு நாள் முன்னால்தான் எனக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். அம்மா அந்தப் பெயரை என் மகளுக்கு வைக்காமல் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அம்மாவும் சாகும்வரை சொல்லவில்லை.

அதைப் படம்பிடித்தவன் அப்போது கூடத்தில் வேலை பார்த்த மார்க்கூசி, அப்பாவின் கடைசிக் குளிர்காலத்தில். அவனுக்குப் போன் போட்டால், "இருபத்தாறு வருஷம் ஆச்சுடா, நேத்து என்ன தின்னேன்னே ஞாபகமில்ல" என்கிறான். பொய் சொல்கிறான் என்று குரலிலேயே தெரிந்தது.

அப்பா என்னை மன்னித்தாரா இல்லையா என்பது அந்த டேப்பில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. எனக்கு அது தெரிந்தாக வேண்டும். ஆனால் அவர் சொன்னால்தான் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறதே. சரி, சொல்ல வேண்டியவர் கடையில்தானே உட்கார்ந்திருக்கிறார்?

போனேன்.

"அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

"முதல்ல வரிசையில நில்லு மகனே. பெத்த புள்ளைன்னு முன்னாடி விட்டா ஊரு என்ன பேசும்?" என்றாள் உயராக். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

என் முறை வந்ததும் போனில் எடுத்துவைத்திருந்த படத்தைக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள். சிரிப்பு போய்விட்டது.

"நீங்க போடலாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்பா. வெள்ளிக்கிழமை பெட்டி போகுது."

மூக்கைச் சுருக்கினாள். மாட்டேன் என்று அர்த்தம்.

"ஏன்?"

"மாட்டேன்னா மாட்டேன். அடுத்த ஆளு வாங்க."

பிடிவாதம் மட்டும் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள். வெளியே வந்து பனிவண்டியை ஓங்கி ஒரு உதை உதைத்தேன். கால்தான் வலித்தது.

வீட்டில் லீஷியாவிடம் புலம்பினேன். என் மனைவிக்கு எதிலும் குழப்பமே கிடையாது. "அப்பா வேணாங்கறாருல்ல, விடு. அம்பது வயசாச்சு, இன்னும் அப்பன் பேச்சக் கேக்க மாட்டியா நீ?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் கூடத்தில் நான் தனியாக இருந்தேன். டேப்பை மெஷினுக்குள் தள்ளினேன். விரலைப் பொத்தானில் வைத்தேன். அப்போதுதான் மண்டை குழம்ப ஆரம்பித்தது. எழுதியவர் செத்துவிட்டார், செத்தவர் எப்படி வேண்டாம் என்று சொல்வார்? ஆனால் நேற்று மூக்கைச் சுருக்கியது யார்? அது அப்பா இல்லை என்றால், இருபத்தைந்து வருஷமாக நான் அப்பா என்று கூப்பிட்டது யாரை? அப்பாதான் என்றால், உள்ளே பேசப்போகிற ஆள் யார்? டேப்பை வெளியே எடுத்துவிட்டேன். இன்னொரு தடவை அவர் பேச்சை மீற எனக்குத் தைரியம் இல்லை.

புதன்கிழமை காப்பகத்திலிருந்து பிரெண்டா கூப்பிட்டாள்.

"இந்த ஒரு டேப்புக்கு மட்டும் கையெழுத்து இல்லையே எனூக்கி. உயராக் இறந்துட்டாரு, நீங்கதான் மகன். நீங்களே போட்டுடலாமே?"

"அவரு இருக்கும்போது நான் எப்படிப் போடறது?"

"இருக்காரா? எங்க?"

"கடையில."

காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "தொண்ணூத்தொம்பதுல இறந்ததா இங்க எழுதியிருக்கே."

"ஆமா, செத்துட்டாரு. அடக்கம் பண்ணினப்ப நானும் இருந்தேன்."

"எனூக்கி, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்றாள், பாவம், உண்மையான அக்கறையோடு. எனக்கே அது சந்தேகமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் உயராக் தானாகவே கூடத்துக்கு வந்தாள். கடை மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பயமா இருக்குடா" என்றாள்.

"உங்களுக்கு என்னப்பா பயம்?"

"நான் அதுல என்ன சொல்லியிருக்கேன்னு எனக்கே தெரியலையே. உன்னக் கன்னாபின்னான்னு திட்டியிருந்தா? அதக் கேட்டுட்டு நாளைக்குக் கடைக்கு வந்து நீ என்ன அப்பான்னு கூப்பிடுவியா? பொறந்ததுலருந்து எனக்கு நீ ஒரு மகன் இருக்கே. அது போயிடுமோன்னு இருக்கு."

கூப்பிடுவேன் என்று சொல்லியிருக்கலாம். பொய் வரவில்லை. "தெரியலப்பா" என்றேன்.

அவள் டேப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நீட்டினாள். "போடு. சொல்லிட்டேன்."

மெஷின் இருமியது. திரையில் கோடு கோடாக ஓடி, அப்பா வந்தார். எங்கள் பழைய சமையலறை மேஜை. சிகரெட் இடக்கையில், வலக்கை மேஜைக்கு அடியில். அவர் இவ்வளவு சின்ன ஆளா? என் நினைவில் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். அரை மணி நேரம் காற்றைப் பற்றிப் பேசினார், எந்த மாதத்துப் பனிக்கட்டியை நம்பக்கூடாது என்று பேசினார். என் பெயர் வருமா என்று காத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மார்க்கூசியின் குரல் கேட்டது, "எனூக்கி பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

அப்பா சிகரெட்டை ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு வலக்கையை மேஜைமேல் எடுத்து வைத்தார்.

"அவனுக்குக் கண்ணு இருக்கு, கை கிடையாது. கயித்தப் பிடிடான்னேன், படம் பிடிச்சான்." சிகரெட்டை நசுக்கி அணைத்தார். "நான் போனப்புறம் என் பேரு அவன் வீட்டுக்குப் போகக்கூடாது. அவன் அம்மாட்டயும் சொல்லிட்டேன். அந்த வீட்டுல என்னப் பிடிச்சுக்க ஆளு இல்ல."

படம் கிழிந்து நின்றுவிட்டது.

ஆக, அதனால்தான் எதிர்வீடு. எந்த அப்பா என் அப்பா? மன்னிக்காமல் போனவரா, 'வரிசையில் நில்லு மகனே' என்பவளா? என்னிடம் வரவே மாட்டேன் என்றவரை இத்தனை வருஷம் நான் திருட்டுத்தனமாக அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேனா? உயராக்கின் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

"நானா அதச் சொன்னேன்?" என்றாள், மெதுவாக.

"ஆமாப்பா."

"ரொம்ப வலிச்சிருக்கும்." தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டாள், ஐந்து விரலும் சரியாக இருக்கிற கையை. திடீரென்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று எனக்குப் புரியவில்லை. "சரி, எதிர்வீட்டுல கொண்டுபோய் விட்டாங்க. நடக்கத் தெரிஞ்சதும் நான் நேரா எங்கடா வந்தேன்? எங்கம்மாவக் கேளு. தெருவத் தாண்டி உன் வீட்டுக்குத்தான் ஓடி வந்தேனாம். தூக்கிட்டுப் போனா மறுபடியும் வந்து நிப்பேனாம். எனக்கு ஆறு வயசுல கடலோரம் பனிக்கட்டி உடைஞ்சு தண்ணிக்குள்ள போகப்போனேனே, அப்ப என்ன யாரு பிடிச்சா?"

எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? யாரு பிடிச்சா?"

"நான்தான்."

"எந்தக் கையால?"

"ரெண்டு கையாலயும்."

"அப்புறம் என்ன?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை விளக்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "கேமராவ எடு. நான் இன்னும் பேசி முடிக்கல."

எடுத்தேன். ஸ்டாண்டில் மாட்டி ஓட விட்டேன். அவள் முடியை ஒதுக்கிவிட்டு லென்ஸை நேராகப் பார்த்தாள்.

"நான் உயராக். போன டேப்புல ஒண்ணு சொன்னேன். அத யாரும் அழிக்க வேணாம், வெட்டவும் வேணாம். கோவத்துல சொன்னதுதான், ஆனா சொன்னது நான்தான், ஊரு கேக்கட்டும். இப்ப இதச் சொல்றேன். என் மகன் எனூக்கி வீட்டுல அடுத்து எந்தப் புள்ள பொறந்தாலும், ஆணோ பொண்ணோ, என் பேர வைங்க. நான் இங்கயும் இருந்துக்கறேன், அங்கயும் இருந்துக்கறேன், எனக்கு ஒண்ணும் நெருக்கடி இல்ல. அவன் என்னப் பிடிச்சுப்பான்."

எனக்குக் கேமராத் திரை தெரியவில்லை. மூக்கு ஒழுகியது, தோள் குலுங்கியது. ஐம்பது வயதில் இப்படி அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். இரண்டரை வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சொல்லாததை, அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் கடையிலும் தெருவிலும் சொல்லாததைச் சொன்னேன். "அப்பா, அன்னிக்குக் கயித்த ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கணும்பா. தப்புதான்."

"தெரியும்டா" என்றாள். எழுந்து வந்து என் தலையைப் பிடித்து, எங்கள் ஊர் முத்தமாகக் கன்னத்தில் மூக்கை அழுத்தி முகர்ந்தாள். "போதும், மூக்கத் தொடச்சுக்க. எனக்குக் கடை தெறக்கணும்."

போகிற வழியில் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பேசியவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'நானேதான்' என்று எழுதினாள். பிரெண்டாவுக்கு இதை எப்படி விளக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. என்னை மன்னித்தது யார் என்று கேட்டாலும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. கதவு மூடிய பிறகுதான் பார்த்தேன், கேமராவை நான் நிறுத்தவே இல்லை. நான் அழுததும் சொன்னதும் எல்லாம் அதில் பதிவாகியிருந்தது. வெட்ட வேண்டாம் என்று அவர்தான் சொல்லிவிட்டாரே. அப்படியே வெள்ளிக்கிழமை விமானத்தில் அனுப்பிவிட்டேன்.