வருகைப் புத்தகத்தில் ஓர் அடித்தல்

முப்பத்தொரு ஆண்டுகளாக ஆகஸ்டில் மூன்று நாட்கள் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் திருமதி ரெயினின் கல்வீட்டில் தங்குகிறோம். கிளம்பும் காலையில் வருகைப் புத்தகத்தில் எழுதுவது குடும்பத்தின் மூத்தவர் கடமை. மெட்காஃப் குடும்பத்தார் எழுதியதில் இதுவரை ஓர் அடித்தல்கூடக் கிடையாது. இம்முறையும் நானே எழுதினேன்: 'ரால்ஃப் மெட்காஃப், மகன் டங்கன், உடன் ஒரு விருந்தினர். கூரை ஒழுகவில்லை.'

அந்த விருந்தினர் ஹேசல். இரண்டு ஆண்டுகளாக டங்கனோடு ஒரே வீட்டில் வாழ்கிறாள். திருமணம் ஆகவில்லை. ஆகும்வரை அந்தப் புத்தகத்தில் அவள் பெயர் ஏறாது என்பது என் முடிவு.

டங்கன் ஓடையில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டதால் திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள். நான் முன்னால், அவன் பின்னிருக்கையில் காலை நீட்டிக்கொண்டு. மழை விட்டிருந்தது. மேட்டுநிலம் முழுக்க ஹெதர் புதர்கள் ஊதாவாகப் பூத்திருக்க, கற்சுவர்கள் சரிவில் இறங்கி ஆறுவரை போயின. மூன்று நாளும் ஓயாமல் பேசியவள் இன்று வாய் திறக்கவில்லை.

"ஏன் ஊமையாயிட்ட?" என்றான் டங்கன்.

"விருந்தாளி ரொம்பப் பேசக் கூடாதுல்ல?"

"என்ன சொல்ற?"

"சாவி வைக்கப் போனேன். புத்தகம் திறந்து கிடந்துச்சு."

"அப்பா! அப்படியா எழுதினீங்க?"

"உள்ளதத்தான் எழுதினேன்."

"சண்ட வேணாம் டங்கன்," என்றாள் அவள். "அடுத்த வருஷம் நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் வரல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். பின்னால் டங்கன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் அப்படி அடங்கிப் போனதை அவன் அம்மாவின் சவ அடக்கத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

சுவர்களுக்கு நடுவே பாதை ஒரு வண்டி அகலத்துக்குக் குறுகிய இடத்தில் எதிரே டிராக்டர் வந்தது. ஒதுங்குமிடம் டிராக்டர்காரனுக்குப் பின்னால் இருபது அடியில். எங்களுக்கோ முந்நூறு அடியில். யாருக்கு அது கிட்டவோ அவர் பின்வாங்க வேண்டும் என்பது விதி.

"நகராத. அவன்தான் போகணும். மெட்காஃப்காரங்க பின்னால போறதில்ல."

"நான் மெட்காஃப் இல்லையே, மிஸ்டர் மெட்காஃப்." கியரை மாற்றினாள். "டிரெய்லர் நிறைய ஆடு நிக்குது, பாருங்க. அத வெச்சுக்கிட்டு பாவம் எப்படிப் போவான்?"

சுவரில் உரசாமல் முந்நூறு அடியும் பின்னாலேயே போய் ஒதுங்கினாள். கடந்துபோன விவசாயி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினான். இந்தப் பக்கத்தில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அது அவளுக்கு வந்தது.

விதியை நான் சரியாகத்தான் சொன்னேன். ஆடுகளைப் பார்க்கவில்லை.

"வண்டியத் திருப்பு," என்றேன்.

"எதையாவது விட்டுட்டீங்களா? கண்ணாடியா?"

"ஒரு பேர விட்டுட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு திருப்பினாள்.

திருமதி ரெயின் துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். "என்ன ரால்ஃப், பல்செட்ட மறந்துட்டியா?"

"பேனா குடு. ஸ்கேல் இருந்தா அதையும் குடு."

'உடன் ஒரு விருந்தினர்' என்பதன் மேல் நேராக ஒரு கோடு இழுத்தேன். மேலே 'ஹேசல் கிளஃப்' என்று எழுதினேன். ஓரத்தில், 'தவறு என்னுடையது. ரா. மெ.'

உடன் இறங்கி வந்த ஹேசல் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "கோடு நல்லா நேரா இருக்கு, மிஸ்டர் மெட்காஃப்."

"ரால்ஃப்."

"வாய்க்கு வரணுமே. அடுத்த ஆகஸ்டுக்குள்ள பழகிக்கிறேன்."

"அதுவரைக்கும் என் கால் தாங்காது, சீக்கிரம் வாங்க!" என்று காரிலிருந்து கத்தினான் டங்கன். அவன் குரல் பழையபடி ஆகியிருந்தது.

நாங்கள் வீட்டில் இருந்த நேரத்தில் ஆடுகளை இறக்கிவிட்டுப் போயிருந்த அதே டிராக்டர், இப்போது காலி டிரெய்லரோடு அதே குறுகலில் மறுபடி எதிரே வந்தது. எங்களை அடையாளம் கண்டு, அவனே டிரெய்லரோடு வளையாமல் பின்னால் போய் வழிவிட்டான். ஹேசலின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. அதனால் எங்கள் குடும்பத்தின் சார்பில் விரலை நான் உயர்த்தினேன்.